நாளை என்று காத்திருக்கவில்லை!

ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கண்ட சிதம்பரம் துறவியின் வரலாறு

காலை மணி ஒன்பது. சிதம்பரம் நகரம் சுறுசுறுப்பாக இருக்கிறது.

நடராசர் கோவிலுக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓடுகிறார்கள். மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேரவேண்டுமே!

அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் படிக்கும் பள்ளிகளுக்கு, நந்தனாரின் பெயர். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி. பெண் பிள்ளைகளுக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி. இரண்டும் அரசாங்கப் பள்ளிகள்.

அரசாங்கப் பள்ளிக்கு நந்தனார் பெயர் எப்படி வந்தது?

அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. கையில் காசு இல்லாத ஒரு துறவி, ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு கழகம் தொடங்கிய கதை அது. கதை என்று சொன்னாலும், அவ்வளவும் நடந்த உண்மை.

"நாளைப் போவார்"

முதலில் நந்தனார் யார் என்று பார்ப்போம்.

அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவர் நந்தனார். ஆதனூரில், தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த குலத்தில் பிறந்தவர். கோவில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுப்பது அவருடைய தொண்டு. ஆனால் கோவிலுக்குள் போக அவருக்கு உரிமை இல்லை.

தில்லைக்குப் போகவேண்டும், நடராசரைக் காணவேண்டும் என்பது அவர் ஆசை. சிதம்பரத்துக்குத்தான் தில்லை என்று இன்னொரு பெயர். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு நாள் கழிந்தது. அதனால் "திருநாளைப் போவார்" என்ற பெயரே ஏற்பட்டுவிட்டது.

கடைசியில் அவர் தில்லைக்கு வந்தார். ஊர் எல்லையிலேயே நின்றார். தீயில் இறங்கி எழுந்த பிறகே கோவிலுக்குள் போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது.

எத்தனையோ பேர் இந்தக் கதையைக் கேட்டார்கள். கண்ணீர் விட்டார்கள். வீட்டுக்குப் போனார்கள். ஆனால் ஒருவர் மட்டும், நந்தனாரின் மக்கள் இன்னும் எத்தனை காலம் "நாளை, நாளை" என்று வெளியே நிற்பது என்று நினைத்தார்.

அவர்தான் சுவாமி சகஜானந்தர்.

படிப்பு நின்ற சிறுவன்

சகஜானந்தரின் இயற்பெயர் முனுசாமி. 1890-ம் ஆண்டு, சனவரி 27-ந் தேதி பிறந்தார். ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள மேல்புதுப்பாக்கம் அவர் பிறந்த ஊர். ஏழைக் குடும்பம். ஆதிதிராவிடர் குடும்பம்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு என்பது எட்டாத கனி. ஆனால் முனுசாமிக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. திண்டிவனத்தில் அமெரிக்கப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். நன்றாகப் படித்தார். கெட்டிக்காரப் பையன் என்று பெயர் எடுத்தார்.

பிறகு மதம் மாறும் பேச்சு வந்தது. முனுசாமி சம்மதிக்கவில்லை. அதோடு படிப்பு நின்றது.

குடும்பம் பிழைப்பைத் தேடிக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தது. படித்துக்கொண்டிருந்த சிறுவன் அங்கே போனான். பூமிக்கு அடியிலிருந்து தங்கம் எடுக்கும் ஊர். எடுக்கிறவர்கள் வீட்டிலோ வறுமை.

பாதியில் படிப்பு நின்றால் எப்படி இருக்கும் என்பதை, சகஜானந்தர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அனுபவித்தே தெரிந்துகொண்டார்.

கையே பாத்திரம்

வாலிபன் ஆனதும் முனுசாமியின் மனம் ஆன்மிகத்தில் திரும்பியது. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திரம் சிவப்பிரகாச சுவாமிகள் என்று ஒரு பெரியவர் இருந்தார். கரம் என்றால் கை. கையையே பாத்திரமாகக் கொண்டு, அதில் விழுந்ததை உண்டு வாழ்ந்தவர் என்பதால் அந்தப் பெயர்.

முனுசாமி அவரிடம் சீடராகச் சேர்ந்தார். தமிழும் வடமொழியும் சாத்திரங்களும் கற்றார். குருநாதர் சீடனைச் சாதி பார்த்து ஒதுக்கவில்லை. "சகஜானந்தர்" என்ற பெயரும் அவர் கொடுத்ததே.

1910-ம் ஆண்டில் சகஜானந்தர் சிதம்பரம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20. ஓமக்குளம் பகுதியில், நந்தனார் பெயரால் அமைந்த மடம் அவருக்கு இருப்பிடம் ஆயிற்று.

துறவிக்கு என்ன வேலை? உட்கார்ந்து தியானம் செய்யலாம். வந்தவர்களுக்கு விபூதி கொடுக்கலாம். அப்படி இருந்திருந்தால், இன்று அவரைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இருந்திருக்காது.

கல்வி நகரில் ஒரு குறை

சிதம்பரம் கல்விக்குப் பேர்போன ஊர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ம் ஆண்டிலேயே இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். 1920-ம் ஆண்டில் மீனாட்சி கல்லூரி தோன்றியது. அதுவே வளர்ந்து 1929-ம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

ஆனால் சுற்றுவட்டாரத்துச் சேரிகளில் நிலைமை வேறு. பண்ணையில் மாடு மேய்க்கப் பிள்ளை வேண்டும். நாற்று நடவும் களை எடுக்கவும் பெண்பிள்ளை வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அன்றையக் கூலி போய்விடும்; அடுப்பு எரியாது.

அதையும் மீறி அனுப்பினால், பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் பல பள்ளிகள், மற்றவர்கள் நடக்கும் தெருவில் இருந்தன. தெருவில் நடக்கவே விடாதபோது, பள்ளியில் எப்படிச் சேர்வது? சேர்ந்தாலும் தனி இடம், தனித் தண்ணீர்.

சட்டம் காகிதத்தில் இருந்தது. பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றது.

கழகம் பிறந்தது

1916-ம் ஆண்டு. சகஜானந்தர் "நந்தனார் கல்விக் கழகம்" என்ற அமைப்பைத் தொடங்கினார். லாபம் பார்க்கும் வேலை அல்ல. பிள்ளைகளைப் படிக்கவைப்பது ஒன்றே நோக்கம். கழகத்தின் பேரில் ஒரு சிறிய பள்ளி ஏற்பட்டது.

பள்ளி மட்டும் போதுமா? போதாது என்பது அவருக்குத் தெரியும்.

பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது. பத்துக் கல் தொலைவில் இருந்து தினமும் நடந்து வர முடியாது. சேரிக் குடிசையில் படிக்க விளக்கு இல்லை. ஆகவே பிள்ளைகள் தங்குவதற்கு விடுதியும், அவர்களுக்குச் சோறும் வேண்டும். சகஜானந்தர் மூன்றையும் சேர்த்தே யோசித்தார்.

அவரோ துறவி. சொத்து இல்லை. கை நீட்டித்தான் ஆகவேண்டும். நீட்டினார். குரு கையை நீட்டியது தம் வயிற்றுக்கு. சீடர் நீட்டியது பிறர் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்கு. பல சாதியையும் சேர்ந்த நல்லவர்கள் உதவினார்கள். எதிர்த்தவர்களும் உண்டு. சேரிப் பிள்ளை படித்துவிட்டால் பண்ணை வேலைக்கு யார் வருவார்கள் என்ற கவலை அவர்களுக்கு!

பள்ளி வளர்ந்தது. பெண் பிள்ளைகளும் படிக்க வழி பிறந்தது. சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தும், வெளி மாவட்டங்களில் இருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

உலகம் எங்கும் இதே கதை

இது சிதம்பரத்தில் மட்டும் நடந்தது அல்ல.

1848-ம் ஆண்டில் புனா நகரில் சோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். 1894-ம் ஆண்டில் சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார்.

அமெரிக்காவில் புக்கர் வாசிங்டன் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்தவர். 1881-ம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊரில் நீக்ரோ மக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுக்குப் பள்ளி தொடங்கினார். கட்டடம் கட்டச் செங்கல் வாங்கப் பணம் இல்லை. ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து தாங்களே செங்கல் அறுத்தார்கள்!

இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தவர்கள் அல்ல. மொழி வேறு, நாடு வேறு. ஆனால் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றே. பூட்டிய கதவுக்கு எழுத்துத்தான் சாவி.

சட்டசபையில் காவி உடை

1926-ம் ஆண்டில் சகஜானந்தர் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினர் ஆனார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாகப் பல ஆண்டுகள் சட்டமன்றத்தில் பணியாற்றினார்.

அங்கே அவர் பேசியது என்ன? பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பது, உபகாரச் சம்பளம், விடுதி, குடியிருக்க மனை, குடிக்கக் கிணறு. இவற்றைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார். அவருடைய சட்டமன்றப் பேச்சுகள் பின்னாளில் நூலாகவும் தொகுக்கப்பட்டன.

இங்கேதான் அவருடைய பெருமை இருக்கிறது. ஒரு பள்ளி நடத்திவிட்டோம், நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டோம் என்று அவர் திருப்தி அடையவில்லை. அந்த நூறு பிள்ளைகளுக்கு வெளியே லட்சக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்களே! அவர்களுக்கு ஒரு மடம் சோறு போட முடியாது. அரசாங்கம்தான் போட முடியும்.

1927-ம் ஆண்டில் காந்தியடிகள் சிதம்பரம் வந்தார். நந்தனாரின் ஊர் என்று உருக்கத்தோடு பேசினார். நாட்டின் கண் இந்தப் பக்கம் திரும்பியது.

1959-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி சகஜானந்தர் காலமானார். அப்போதும் அவர் சட்டமன்ற உறுப்பினர்தான். அவர் வளர்த்த பள்ளி அரசாங்கப் பள்ளி ஆயிற்று. சிதம்பரத்தில் அவருக்கு அரசு மணிமண்டபமும் கட்டியிருக்கிறது.

பானையை உடைத்த மாணவன்

பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

காட்டுமன்னார்கோவிலில் 1924-ம் ஆண்டு பிறந்தவர் இளையபெருமாள். அவர் படித்த காலத்தில் பள்ளியில் ஆதிதிராவிட மாணவர்களுக்கு என்று தனியாக ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். மாணவன் இளையபெருமாள் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பானையை உடைத்துவிட்டான்!

அந்த மாணவன்தான் பிறகு 1952-ம் ஆண்டில் பாராளுமன்றத்துக்குப் போனார். தீண்டாமையையும், தாழ்த்தப்பட்ட மக்களின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய 1965-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவராக இருந்தவரும் அவரே. 1969-ம் ஆண்டில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

பள்ளிக்குள்ளேயே ஒரு பிள்ளை ஒதுக்கப்படலாம் என்பதை அந்த உடைந்த பானை காட்டிற்று. வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே எல்லோருக்கும் ஒரே பானை வேண்டும்.

மடத்துச் சோறு நாட்டுச் சோறு ஆயிற்று

பிள்ளைக்குச் சோறு போட்டால் படிப்பு வரும் என்பதை, அரசாங்கமும் படிப்படியாகக் கண்டுகொண்டது.

1920-ம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956-ம் ஆண்டில், காமராசர் முதல்-அமைச்சராக இருந்தபோது, மதிய உணவு ஊர் ஊராகப் பரவியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் மக்களைக் கூட்டினார். அரிசி, காய்கறி, விறகு என்று மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். 1958-ம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. நாற்காலியும் கரும்பலகையும் கடிகாரமும் கிராமத்துப் பள்ளிகளுக்கு வந்து குவிந்தன.

1982-ம் ஆண்டில் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சராக இருந்தபோது சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, மு.க. ஸ்டாலின் முதல்-அமைச்சராக இருந்தபோது, காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அது எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

ஒரு துறவி கையேந்தி வாங்கிப் போட்ட சோறு, இன்று நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஏறிவிட்டது. யாருடைய தயவும் இல்லாமல் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறது. அது தருமச் சோறு அல்ல, உரிமைச் சோறு.

இன்னும் தீராத கணக்கு

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் 100-க்கு 78 பேர். ஆதிதிராவிடரை மட்டும் எடுத்துக்கொண்டால், மாநிலத்தில் 100-க்கு 73 பேர். இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை.

கடலூர் மாவட்டத்தின் பிழைப்பை நினைத்துப் பாருங்கள். கடற்கரையில் மீன்பிடிப்பு. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் நெல். கரும்பு வெட்டவும், செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்களும் உண்டு. பெற்றோர் மூட்டை கட்டினால், பிள்ளையும் கூடப் போகிறது. திரும்பி வரும்போது வகுப்பில் பாடம் பத்துப் பக்கம் தாண்டிவிட்டது.

அந்தப் பத்துப் பக்கம்தான் ஆபத்து!

இன்று கூட்டல் தெரியாத பிள்ளைக்கு நாளைப் பெருக்கல் வராது. பெருக்கல் வராத பிள்ளைக்கு மறு ஆண்டு வகுத்தல் வராது. வகுப்பில் பின்வரிசையில் உட்காரும். கேட்டால் திட்டு விழும் என்று கேட்காது. பிறகு வயிற்று வலி என்று சொல்லும். பிறகு வரவே வராது. வாத்தியார் பேரேட்டில் ஒரு கோடு விழும். அவ்வளவுதான்.

இப்படி நின்றுபோகிற பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல. கை கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை. வசதியுள்ள வீட்டில் அதே பிள்ளைக்கு ட்யூசன் வைத்திருப்பார்கள். ஏழை வீட்டில் அதற்குப் பணம் இல்லை. வித்தியாசம் அவ்வளவே.

கடல் பொங்கியபோது

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அது இயற்கையின் சோதனை.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. கடலூர் தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரம் பக்கத்துக் கடற்கரைக் குப்பங்கள் வரை கடல் புகுந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ம் ஆண்டில் பெருவெள்ளம்.

இப்படி ஒரு சோதனை வந்தால் வலையும் படகும் போகும், தோப்பு போகும், குடிசை போகும். குடிசையோடு பிள்ளையின் புத்தகமும் நோட்டும் போகும். வருமானம் நின்ற வீட்டில் முதலில் நிற்பது மூத்த பிள்ளையின் படிப்பு.

அந்த நேரத்தில் ஓடிவந்தவை தொண்டு அமைப்புகள். நோட்டுப் புத்தகம், சீருடை, மாலையில் பாடம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஆறுதல். அரசாங்கம் பெரிய வேலையைப் பார்க்கும்போது, வீடு வீடாகப் போய்ப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும் அல்லவா? அந்த வேலை தொண்டர்களுடையது.

தெருத் திண்ணையில் வகுப்பு

கொரோனா நோய் பரவியபோது 2020, 2021 ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக்கிடந்தன. கைபேசி உள்ள பிள்ளை அதில் பாடம் கேட்டது. கைபேசி இல்லாத பிள்ளை எழுத்தையே மறந்தது.

அப்போது பிறந்ததுதான் "இல்லம் தேடிக் கல்வி". 2021-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இது தொடங்கியது. படித்த பெண்கள் தங்கள் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து, மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்னார்கள். வீட்டுத் திண்ணை, மரத்தடி, கோவில் மண்டபம், எல்லாம் வகுப்பறை ஆயின.

சகஜானந்தர் 1916-ல் செய்த வேலையின் தம்பிதான் இது. பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால், பள்ளி பிள்ளையிடம் போகவேண்டும்.

தருமமா, உரிமையா?

தொண்டு அமைப்பு எதற்கு, எல்லாவற்றையும் அரசாங்கமே செய்யட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். தொண்டர்கள் செய்கிறார்களே, அரசாங்கம் எதற்கு என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் நந்தனார் கல்விக் கழகத்தின் வரலாறே பதில்.

அரசாங்கம் காணாத பிள்ளையைக் கழகம் கண்டது. அந்தப் பிள்ளையைப் படிக்கவைத்துக் காட்டியது. படிக்கவைக்க முடியும் என்று நிரூபித்த பிறகு, இது உன் கடமை என்று சட்டசபையில் நின்று கேட்டது. கடைசியில் அரசாங்கமே பள்ளியை ஏற்றது. கழகம் தோற்றுப் போகவில்லை. ஜெயித்ததற்கு அடையாளமே அதுதான்!

நன்கொடை கதவைத் திறக்கும். ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். சட்டம் வந்தால்தான் கதவு மூடாமல் நிற்கும். 2009-ம் ஆண்டில் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எந்தப் பிள்ளைக்கும் கல்வி இலவசம், கட்டாயம் என்று அது சொல்கிறது.

சட்டத்தை வாசலுக்குக் கொண்டுவருவது யார்? ஊர்தான். பெற்றோர்தான்.

பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்கவேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். கையெழுத்துப் போட இப்போதுதான் கற்றுக்கொண்ட தாயும் அதில் உறுப்பினர் ஆகலாம். கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை, ஆசிரியர் இல்லை என்று எழுந்து கேட்கலாம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு என்று ஒன்று உண்டு. ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வீட்டுப் பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை. இதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால், மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ம் ஆண்டில் வந்தது. ஆண் பிள்ளைகளுக்கு 2024-ம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 100-க்கு ஏழரை இடம் ஒதுக்கும் சட்டம் 2020-ம் ஆண்டில் வந்தது.

பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் அடிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். பாடம் புரியவில்லையா? யாராவது கேலி செய்கிறார்களா? சாதியைச் சொல்லித் திட்டினார்களா? காரணம் தெரிந்தால் வழி பிறக்கும்.

படித்து முன்னுக்கு வந்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பணம்தான் கொடுக்கவேண்டும் என்பது இல்லை. சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு பிள்ளையை முன்வரிசைக்குக் கொண்டுவந்தால் போதும். அதுவே ஒரு கழகம்.

மணி அடிக்கிறது

நந்தனார் "நாளை, நாளை" என்று காத்திருந்தார். அவர் குற்றம் அல்ல. வாசலை அடைத்தவர்களின் குற்றம்.

சகஜானந்தர் காத்திருக்கவில்லை. கையில் காசு வந்த பிறகு தொடங்கலாம் என்று இருக்கவில்லை. ஊர் மனம் மாறட்டும் என்று இருக்கவில்லை. 26 வயதில் தொடங்கிவிட்டார். அவர் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

இன்றும் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியின் மணி அடிக்கிறது. பிள்ளைகள் உள்ளே ஓடுகிறார்கள். ஊர் எல்லையில் நின்ற ஒருவரின் பெயர், பள்ளியின் வாசலுக்கு மேலே எழுதியிருக்கிறது.

எந்த ஊரிலாவது, எந்தத் தெருவிலாவது, மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை வெளியே நிற்கிறதா? அதன் கையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு வாருங்கள்.

நாளை அல்ல. இன்றே!